பகடையைக் குற்றம் சொல்வதற்கு முன்

ஐந்து உருட்டல்கள். ஒவ்வொன்றிலும் எனக்கு மூன்று பகடை, எதிராளிக்கு இரண்டு. 12 படைகளோடு போய், 7 படைகள் காவல் நின்ற ஒரு நாட்டைத் தாக்கினேன். திரையில் என் இழப்பு வரிசையாக வந்தது: இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. எட்டுப் படைகள் போய்விட்டன. அவர் பக்கம் விழுந்தது இரண்டே இரண்டு. உலக வரைபடத்தில் படைகளை வைத்து, பகடை உருட்டி நாடுகளைப் பிடிக்கும் அந்த ரிஸ்க் வகை ஆட்டத்தின் அரட்டைப் பெட்டியில், "இங்கே பகடை உங்களுக்காகவே உருள்கிறது போலிருக்கிறது" என்று எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை. அதன் பிறகு நான் அனுப்பிய ஆட்ட அழைப்புகளையும் ஏற்கவில்லை.

பல ஆண்டுகளாக இணையத்தில் இத்தகைய ஆட்டங்களை ஆடிவருகிறேன். இந்த வாக்கியத்தை நான் எழுதியதைவிட என்னிடம் பிறர் எழுதியதே அதிகம். தோற்றவரின் முதல் வரி பெரும்பாலும் இதுதான். சிலர் எதிராளியைச் சாடுவார்கள், சிலர் சர்வரை, சிலர் தளத்தை நடத்துபவர்களை. வென்றவர் யோசித்து ஆடியதற்குரிய மதிப்பு அவருக்குக் கிடைக்காமல் போகிறது. அதனால்தான் இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. அதிர்ஷ்டம் யார் பக்கம் இருந்தது என்பது அளந்து சொல்லக்கூடிய கேள்வி. பெரும்பாலான சண்டைகள் அளவுகோலைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதால் வருகின்றன.

முதலில் அந்த ஐந்து உருட்டல்களையே எடுத்துக்கொள்வோம். தாக்குபவரின் மூன்று பகடையும் தற்காப்பவரின் இரண்டு பகடையும் சேர்ந்து 7,776 விதமாக விழலாம். இரு தரப்பின் மிகப் பெரிய எண்களை முதலில் ஒப்பிட வேண்டும், பிறகு அடுத்த பெரிய எண்களை. சமமாக இருந்தால் தற்காப்பவருக்கே வெற்றி. அந்த 7,776 விதங்களில் 2,890-இல் தாக்குபவர் இரண்டு ஒப்பீட்டையும் வெல்கிறார், 2,275-இல் இரண்டையும் தோற்கிறார், மீதி 2,611-இல் ஆளுக்கொன்று. ஆகவே ஒரு உருட்டலுக்குத் தாக்குபவர் சராசரியாக 0.92 படையையும் தற்காப்பவர் 1.08 படையையும் இழக்கிறார்கள். ஐந்து உருட்டல்களில் நான் இழந்திருக்க வேண்டியது 4.6 படைகள். இழந்தது 8.

துரதிர்ஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எவ்வளவு? ஐந்து உருட்டல்களில் எட்டோ அதற்கு மேலோ இழப்பதற்கான நிகழ்தகவு சுமார் 5.6%. ஏறக்குறைய பதினெட்டுத் தடவைக்கு ஒரு தடவை. ஒரு நீண்ட ஆட்டத்தில் இப்படிப்பட்ட முப்பது தாக்குதல்களை நடத்தினால், அவற்றில் ஒன்றாவது இவ்வளவு மோசமாக முடிவதற்கு 82% வாய்ப்பு இருக்கிறது. அதாவது அப்படி ஒன்று நடக்காமல் போனால்தான் நாம் வியக்க வேண்டும். முப்பதில் இருபத்தொன்பது தாக்குதல்களை மறந்துவிட்டு, மனத்தில் தைத்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது நடக்க 5% வாய்ப்புதான்" என்று வாதிடுகிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போன்ற கதை இது. எத்தனை காக்கைகள் எத்தனை மரங்களில் உட்கார்ந்தன என்பதை யாரும் எண்ணவில்லை.

இணையத்தில் இந்த மயக்கம் பன்மடங்காகிறது. மேசையில் நாலு பேர் உட்கார்ந்து ஆடினால் பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கி உருட்ட வேண்டும், எண்ணைப் பார்த்துக் காயை எடுக்க வேண்டும். திரையில் ஒரே பொத்தானில் பத்து உருட்டல்கள் முடிந்துவிடுகின்றன. மேசையில் பல மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கும் அபூர்வமான தொடரை இங்கே வாரம்தோறும் பார்ப்போம். உருட்டல்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பகடையின் குணம் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரும் போதிய அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன். ஆளுக்கு ஒரு நாள் அவகாசம் வைத்து ஆடும் ஆட்டங்களில் உங்கள் தற்காப்புப் பகடைகளை உருட்டுவது நீங்கள் இல்லை. எதிராளி தாக்கும்போது சர்வரே உங்களுக்காக உருட்டிவிடுகிறது. அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம், வேலையில் இருக்கலாம். திரும்பி வந்து பார்த்தால் வரைபடத்தில் சில எண்கள் மாறியிருக்கும், அவ்வளவுதான். தாக்குதலில் வந்த துரதிர்ஷ்டத்தை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து நொந்துகொள்கிறோம். தற்காப்பில் வந்த அதிர்ஷ்டமோ நமக்குத் தெரியாமலேயே வந்து போய்விடுகிறது. எனவே இருவருமே மனப்பூர்வமாக "எனக்குத்தான் பகடை சரியில்லை" என்று நம்ப முடியும்.

நான் அந்த ஆட்டத்தின் பதிவை முழுவதும் படித்தது பத்து நாள் கழித்துத்தான். நான் புகார் எழுதுவதற்கு மூன்று சுற்றுகளுக்கு முன்பு, இன்னோர் எல்லையில் அவர் என்னை ஆறு முறை தாக்கியிருந்தார், ஒவ்வொரு முறையும் மூன்றுக்கு இரண்டு பகடை. அவர் இழந்திருக்க வேண்டியது ஐந்தரைப் படைகள். இழந்தது எட்டு. ஆறு தடவைக்கு ஒரு தடவை நடக்கக்கூடியது. என் மூன்றரைப் படை நட்டத்துக்கு எதிரே இரண்டரைப் படை லாபம் எனக்கு ஏற்கனவே வந்து சேர்ந்திருந்தது. பதிவைப் புரட்டிய அன்றுதான் அதைப் பார்த்தேன்.

எதை எண்ணுவது?

அதிர்ஷ்டத்தைக் கணக்கிட முனைபவர்கள் முதலில் செய்வது, விழுந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது. "என் சராசரி 3.2, உன் சராசரி 3.8" என்பார்கள். இந்த அளவுகோல் ஏறக்குறைய பயனற்றது. மூன்று பகடை உருட்டும்போது மூன்றில் மிகச் சிறிய எண் விழுந்த பகடை ஒப்பீட்டுக்கே வருவதில்லை. அதில் ஒன்று விழுந்தாலும் நான்கு விழுந்தாலும் ஒன்றுதான். எதிராளிக்கு ஆறு விழுந்துவிட்டால், உங்கள் பெரிய எண் இரண்டானாலும் ஆறானாலும் அந்த ஒப்பீட்டில் தோல்விதான். சராசரி இவற்றையெல்லாம் ஒரே தட்டில் போட்டு நிறுக்கிறது.

இரண்டாம் உலகப் போரை வைத்து ஆடும் ஆக்சிஸ் அண்ட் அலைஸ் வகை ஆட்டங்களில் சராசரி என்பதற்குப் பொருளே மாறிவிடுகிறது. அங்கே ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஓர் எண் உண்டு. பகடை அந்த எண்ணிலோ அதற்குக் கீழோ விழுந்தால் அடி. தாக்கும் காலாட்படைக்கு அது 1, டாங்கிக்கு 3. ஆகவே சிறிய எண் விழுவதுதான் அதிர்ஷ்டம். டாங்கிக்கு நான்கு விழுந்தாலும் ஆறு விழுந்தாலும் ஒரே ஏமாற்றம்தான்.

அங்கே ஆடுபவர்கள் பயன்படுத்தும் கணக்கு இதைவிட மேலானது. ஆறு காலாட்படைகளும் இரண்டு டாங்கிகளும் தாக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். எண்களைக் கூட்டினால் 12. அதை ஆறால் வகுத்தால் எதிர்பார்க்க வேண்டிய அடிகள் இரண்டு. வந்த அடிகளிலிருந்து இரண்டைக் கழித்தால் அந்தச் சுற்றின் அதிர்ஷ்டம் கிடைக்கிறது. இதைச் சுற்றுதோறும் கூட்டிக்கொண்டே போகலாம். ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. எதிர்பார்ப்பு இரண்டு என்றால் இரண்டு விழும் என்று பொருளாகாது. இந்த எட்டுப் பகடைகளில் ஒரே ஓர் அடியோ, அதுவுமில்லாமலோ முடிவதற்கு 35% வாய்ப்பு இருக்கிறது. ஓர் அடிகூட விழாமல் போவதற்கே 8% இருக்கிறது. திட்ட விலக்கம், அதாவது எதிர்பார்ப்பிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 1.15 என்பதால் ஒன்றோ மூன்றோ விழுந்தால் அதைச் சாதாரணம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

"போகப் போகச் சமமாகிவிடும்" என்ற ஆறுதலையும் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மூன்றுக்கு இரண்டு பகடையில் 100 உருட்டல்களுக்குத் தாக்குபவரின் எதிர்பார்ப்பு இழப்பு 92 படைகள், திட்ட விலக்கம் சுமார் 8. உருட்டல் 10,000 ஆனால் எதிர்பார்ப்பு 9,210, விலக்கம் 81. விழுக்காட்டில் விலகல் சுருங்குகிறது. படைகளின் எண்ணிக்கையிலோ அது பத்து மடங்கு பெருகியிருக்கிறது. பகடைக்கு நினைவு கிடையாது, அது பழைய கடனைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயத்தில் இல்லை. ஒரே ஆட்டத்துக்குள் எல்லாம் சரிக்குச் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை.

அடிக் கணக்குக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எதிராளியிடம் ஒரே ஒரு காலாட்படை எஞ்சியிருக்கிறது. நீங்கள் எட்டுப் பிரிவுகளோடு தாக்குகிறீர்கள். இரண்டு அடி எதிர்பார்ப்பு, விழுந்தது ஐந்து. கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே மூன்று அடி அதிர்ஷ்டம் ஏறுகிறது. ஆனால் கொல்வதற்கு இருந்தது ஒருவர்தான். மற்ற நான்கு அடிகளும் வெறுங்காற்றில் விழுந்தவை. அடுத்த சுற்றில் தலைநகருக்கான போரில் இரண்டு அடி குறைவாக விழுந்து நீங்கள் ஆட்டத்தையே இழந்துவிடலாம். அப்போதும் கணக்கு உங்களை ஓர் அடி அதிர்ஷ்டசாலி என்றே சொல்லும். "புள்ளிவிவரத்தைப் பாருங்கள், உங்களுக்குத்தான் பகடை நன்றாக விழுந்திருக்கிறது" என்று எதிராளி அதைத் தூக்கிக் காட்டும்போது ஏற்படும் ஆற்றாமை எனக்குத் தெரியும். அந்த இடத்தில் தோற்றவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வெற்றி வாய்ப்பில் அளப்பது

இந்த ஓட்டையை அடைக்கும் யோசனை புதியதில்லை. 1654-இல் கணித அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒரு பழைய சிக்கலைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இருவர் பந்தயம் கட்டி ஆடுகிறார்கள், ஆட்டம் பாதியில் நின்றுபோகிறது, பணத்தை எப்படிப் பிரிப்பது? அதுவரை ஆளுக்கு எத்தனை சுற்று வென்றார்கள் என்பதைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று முன்பே பலர் சொல்லியிருந்தார்கள். இவர்களோ இனிமேல் நடக்கக்கூடியதைப் பார்த்தார்கள். இந்த நிலையிலிருந்து ஆட்டம் தொடர்ந்தால் ஒவ்வொருவரும் வெல்ல எத்தனை வழிகள் இருக்கின்றன, அந்த விகிதத்தில் பிரியுங்கள் என்றார்கள். ஒரு நிலைக்கு, ஆட்டம் முடிவதற்கு முன்பே, ஒரு மதிப்பு உண்டு என்ற எண்ணம் அங்கே தெளிவாகிவிட்டது. அதிர்ஷ்டத்தை அளக்க அதுதான் வேண்டும்.

இரண்டு பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கேமன் ஆட்டத்தை ஆடுபவர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். 1992-இல் ஜெரால்ட் டெசாரோ ஐபிஎம்மில் உருவாக்கிய டிடி-கேமன் என்ற மென்பொருள் தன்னோடு தானே ஆடிப் பழகி, வல்லவர்களுக்கு நிகராக நிலைகளை மதிப்பிடக் கற்றது. அதன் வழிவந்த குனு பேக்கேமன் போன்ற மென்பொருள்கள் முடிந்த ஆட்டத்தை அலசி, ஒவ்வொரு உருட்டலுக்கும் ஓர் அதிர்ஷ்ட எண்ணைத் தருகின்றன. அதன் செய்முறை எளிது. உருட்டுவதற்கு முன், விழக்கூடிய 36 விதங்களுக்கும் அவற்றுக்கான சிறந்த நகர்வோடு உங்கள் நிலையின் மதிப்பைக் கணக்கிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். உண்மையில் விழுந்த எண்ணுக்கான மதிப்பிலிருந்து அந்தச் சராசரியைக் கழித்தால் வருவதுதான் அந்த உருட்டலின் அதிர்ஷ்டம்.

ரிஸ்க்கில் ஒரே ஓர் உருட்டலை வைத்து இதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். உங்களுக்கு மூன்று பகடை, எதிராளியின் நாட்டில் ஒரே ஒரு படை. தாக்குபவர் வெல்ல 66% வாய்ப்பு. இந்த நாட்டைப் பிடித்தால் ஒரு கண்டம் முழுதும் உங்கள் கைக்கு வருகிறது, ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 90% ஆகிறது. தவறினால் அது 40%. அப்படியானால் உருட்டுவதற்கு முன் உங்கள் நிலையின் மதிப்பு 73. வென்றால் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் 17 புள்ளி. தோற்றால் 33 புள்ளி துரதிர்ஷ்டம். 66-ஐ 17-ஆலும் 34-ஐ 33-ஆலும் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். இப்போது அதே மூன்று பகடை, அதே ஒற்றைப் படை, ஆனால் வரைபடத்தின் மூலையில் யாருக்கும் அவசரமில்லாத ஒரு தீவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வென்றால் 51%, தோற்றால் 50%. விழுந்த எண்கள் எதுவானாலும் அதிர்ஷ்டம் ஒரு புள்ளியைக்கூடத் தொடாது. பகடை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி விழுந்திருக்கலாம். ஓர் இடத்தில் அது ஆட்டத்தைத் திருப்பியது, இன்னோர் இடத்தில் வெறுமனே உருண்டது.

இந்த அளவுகோலின் அழகு, அது ஆட்டத்திறனைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது என்பதுதான். இப்படி அளந்த அதிர்ஷ்டத்தின் நீண்டகாலச் சராசரி யாருக்கும் பூஜ்யமே, நன்றாக ஆடுபவருக்கும் சுமாராக ஆடுபவருக்கும். சமமான நிலையில், 50-இல் தொடங்கிய ஆட்டத்தில் நான் தோற்றுவிட்டேன் என்றால் 0-இல் முடிந்திருக்கிறேன். இருவரின் உருட்டல்களையும் சேர்த்து என் அதிர்ஷ்டக் கணக்கு மைனஸ் 20 என்றால், மீதி மைனஸ் 30-க்குக் காரணம் நகர்வுகள். நான் செய்த பிழைகள் அவர் செய்தவற்றைவிட அந்த அளவுக்கு அதிகம். பிளஸ் 10 அதிர்ஷ்டத்தோடு தோற்றிருந்தால் பிழைகளின் பங்கு 60 ஆகியிருக்கும்.

"வல்லவர்களுக்கு மட்டும் எப்போதும் நல்ல எண் விழுகிறது" என்ற பழைய புகாருக்கும் விடை இதில் இருக்கிறது. பேக்கேமனில் ஒற்றைக் காயை எதிராளியிடமிருந்து ஆறு கட்டம் தள்ளி விட்டுவைத்தால், வழியில் தடை ஏதும் இல்லாதபோது, 36-இல் 17 உருட்டல்கள் அதை வெட்டும். அதே காயை ஏழு கட்டம் தள்ளி வைத்தால் வெட்டக்கூடியவை ஆறே. ஆறில் விட்டவரின் காய் வெட்டுப்படும்போது அவர் பகடையை ஏசுகிறார். ஏழில் விட்டவரின் காய் தப்பிக்கும்போது பார்ப்பவர்கள் அவரை அதிர்ஷ்டசாலி என்கிறார்கள். ஏழில் விட்டவர் செய்தது, தனக்குச் சாதகமான உருட்டல்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டது. 17 உருட்டல்களுக்கு வழிவிட்ட நகர்வுக்கான விலையை, பகடை விழுவதற்கு முன்பே, நகர்வின் கணக்கில் எழுதிவிட வேண்டும். பகடையின் கணக்கில் எழுத மிஞ்சுவது கொஞ்சம்தான்.

பேக்கேமனைப் போல எல்லா ஆட்டங்களுக்கும் நம்பத்தகுந்த மதிப்பீட்டு மென்பொருள் இல்லை. பல பேர் ஆடும் உலக வரைபட ஆட்டத்தில் "என் வெற்றி வாய்ப்பு 55%" என்று யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. போர்களுக்கு மட்டும் கணிப்பான்கள் உண்டு. ஆக்சிஸ் அண்ட் அலைஸ் வகை ஆட்டங்களை இணையத்தில் ஆட உதவும் டிரிப்பிள்ஏ மென்பொருளிலேயே ஒன்று இருக்கிறது. முழு ஆட்டத்துக்கு நம் கணிப்புதான். நான் கைக்கொள்ளும் வழி இது: ஆட்டத்தைத் திருப்பக்கூடிய போர் என்று தோன்றினால், பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று எண்களை எழுதிக்கொள்கிறேன். இப்போது என் வாய்ப்பு, வென்றால் என் வாய்ப்பு, தோற்றால் என் வாய்ப்பு. எண்கள் ஐந்து பத்துப் புள்ளி தப்பாக இருக்கலாம். உருட்டுவதற்கு முன் எழுதியவை என்பதுதான் அவற்றின் பெரிய பலம். பகடை விழுந்த பிறகு எழுதினால் மனம் எண்களைத் தனக்கு ஏற்றபடி வளைத்துவிடுகிறது. தோற்ற பின் "இது 90% உறுதியான போர்" என்று தோன்றும், வென்ற பின் "துணிச்சலாக இறங்கினேன்" என்று தோன்றும்.

சர்வரின் மேல் சந்தேகம்

பகடை மென்பொருளே கோணலாக இருந்தால்? இது நியாயமான கேள்வி. "ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம்" என்று சொல்லி வாயை அடைத்துவிடக் கூடாது. கூடம் கோணலாக இருந்த சமயங்களும் உண்டு. கணினி 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத் தருகிறது, அதை ஆறால் வகுத்து, மீதியோடு ஒன்றைக் கூட்டிப் பகடையாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 256 ஆறால் சரியாக வகுபடாது, நான்கு மிஞ்சும். ஆகவே ஒன்று முதல் நான்கு வரையான முகங்கள் 43 வழிகளில் வரும், ஐந்தும் ஆறும் 42 வழிகளில் வரும். சிறிய சாய்வு, ஆனால் உண்மையானது. 252-ஓ அதற்கு மேற்பட்ட எண்ணோ வந்தால் தள்ளிவிட்டு மறுபடி எடுத்தால் சரியாகிவிடும். 32 இருமத் துண்டுகள் (பிட்) கொண்ட எண்ணைப் பயன்படுத்தினால் இந்த வித்தியாசம் எழுபது கோடியில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, எந்த ஆட்டக்காரராலும் அதை உணர முடியாது.

மேசைப் பகடை இதைவிட நேர்மையானது என்று நம்புகிறவர்களுக்கு வெல்டனின் பகடைகளைச் சொல்வேன். இங்கிலாந்தின் விலங்கியல் அறிஞர் வெல்டன் 12 பகடைகளைச் சேர்த்து 26,306 முறை உருட்டிய கணக்கை 1894-இல் புள்ளியியல் முன்னோடி பிரான்சிஸ் கால்ட்டனுக்கு எழுதினார். மொத்தம் 3,15,672 பகடை விழுந்திருந்தது. அவற்றில் ஐந்தோ ஆறோ 1,05,224 முறை வந்திருக்க வேண்டும், வந்தது 1,06,602 முறை. புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன், வந்த எண்ணிக்கை எதிர்பார்த்ததிலிருந்து தற்செயலை மீறி விலகுகிறதா என்று பார்க்கும் தம் கை-வர்க்கச் சோதனையை 1900-இல் அறிமுகப்படுத்தியபோது இந்தத் தரவையும் எடுத்துக்கொண்டு, பகடைகள் சமச்சீரானவை என்ற எண்ணம் நிற்காது என்று காட்டினார். சாய்வு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அதைக் கண்ணால் பார்த்துப் பிடித்திருக்கவே முடியாது. லட்சக்கணக்கில் உருட்டி எண்ணியதால்தான் தெரிந்தது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குப் பொருந்தும், ஏனென்றால் ஒரே கொதியில் எல்லாப் பருக்கையும் ஏறக்குறைய ஒன்றுபோல் வேகிறது. பகடையில் ஒவ்வொரு பருக்கையும் வேறு. 600 முறை உருட்டினால் ஒவ்வொரு முகமும் நூறு முறை வர வேண்டும், ஆனால் திட்ட விலக்கம் ஒன்பது. எனவே ஆறு 85 முறையும் மூன்று 115 முறையும் வந்த பட்டியலை யாராவது ஆதாரமாக நீட்டினால் அது எதையும் நிரூபிக்காது. சர்வரைச் சோதிக்க விரும்புகிறவர் எத்தனை உருட்டல், எதை எண்ணப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, இன்றிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். கோபம் வந்த ஆட்டத்தைத் தொடக்கப் புள்ளியாக வைத்தால், முடிவை முதலிலேயே உள்ளே வைத்துத் தைத்துவிட்டதாக ஆகும்.

நடத்துபவரையே நம்ப முடியவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. ஆட்டம் தொடங்குமுன் சர்வர், பகடை எண்களை உண்டாக்கப் பயன்படும் தன் ரகசிய விதை எண்ணின் மறைகுறி முத்திரையை வெளியிட வேண்டும்; அந்த முத்திரை விதை எண்ணைக் காட்டிக்கொடுக்காது, ஆனால் பின்னால் அதோடு ஒத்துப்பார்க்க உதவும். பிறகு ஆட்டக்காரர்கள் தங்கள் எண்களைச் சேர்ப்பார்கள். எல்லாம் கலந்துதான் பகடை விழும். முடிவில் விதை எண் வெளியிடப்படும்போது, நடுவில் யாரும் மாற்றவில்லை என்பதை யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம் நம்பிக்கையைக் கெடுத்ததில் வேறு சில ஆட்டங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஃபயர் எம்ப்ளம் என்ற வீடியோ ஆட்ட வரிசையின் பல ஆட்டங்களில் ஒரு தாக்குதலுக்கு இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கிறார்கள். திரை 90% என்று காட்டும்போது உண்மையான வாய்ப்பு 98%. 10% என்று காட்டும்போது உண்மையில் 2% மட்டுமே. சிவிலைசேஷன் ஆட்டங்களை உருவாக்கிய சிட் மேயர் 2010-இல் ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் பேசும்போது, மூன்றுக்கு ஒன்று என்ற சாதகமான நிலையில் தோற்றால் ஆட்டக்காரர்கள் அதை அநியாயமாகவே உணர்ந்தார்கள் என்றும், அந்த உணர்வுக்கேற்பத் தம் ஆட்டத்தின் கணக்கைத் திருத்தியதாகவும் விவரித்தார். ஆடுபவரை மகிழ்விக்க அது உதவியிருக்கும். ஆனால் அப்படிப் பழகிய கண்ணுக்கு நேர்மையான பகடை ஏமாற்றுவதுபோலத் தெரியும். நான்கில் ஒரு முறை தோற்க வேண்டிய போரில் நான்கில் ஒரு முறை தோற்பது, அந்தக் கண்ணுக்குச் சதி.

அதிர்ஷ்டத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. டிரிப்பிள்ஏ-யில் "லோ லக்" என்ற தெரிவைப் போட்டால், மொத்த வலிமை 12 என்றால் இரண்டு அடி உறுதி. 13 என்றால் இரண்டு உறுதி, மீதி ஒன்றுக்கு மட்டும் ஒரு பகடை உருளும். கட்டான் என்ற பலகை ஆட்டத்தில் இரண்டு பகடைக்குப் பதிலாக 36 சேர்க்கைகளையும் சீட்டுகளாக்கி அடுக்கி எடுக்கலாம், இணையத் தளங்களிலும் இதை ஒத்த "சமப்படுத்திய பகடை" உண்டு. அசல் பகடையில் பன்னிரண்டு உருட்டல்களில் கூட்டுத்தொகை எட்டு ஒரு முறைகூட விழாமலிருக்க 17% வாய்ப்பு இருக்கிறது. சீட்டில் அந்த வறட்சி கட்டுக்குள் இருக்கும். என் கருத்தில் இவை வேறு ஆட்டங்கள். லோ லக்கில் மொத்த வலிமை ஆறின் மடங்காக வரும்படி படைகளைச் சேர்ப்பது ஒரு கலையாகிவிடுகிறது. சீட்டில் ஐந்து எட்டுகளும் வந்துவிட்டனவா என்று எண்ணிக்கொண்டிருப்பவர் முந்துகிறார். நிச்சயமின்மையைத் தாங்கி முடிவெடுக்கும் திறன்தான் பகடை ஆட்டத்தின் உயிர் என்று நினைப்பதால் நான் அசல் பகடையோடுதான் ஆடுகிறேன்.

இனி அந்த ஆட்டம். பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, என்னால் முடிந்த அளவு நேர்மையாக எண்களை எழுதினேன். அவருடைய ஆறு தாக்குதல்கள் தோற்றதில் எனக்கு 9 புள்ளி அதிர்ஷ்டம். என் ஐந்து உருட்டல்களுக்கு முன் என் வாய்ப்பை 55 என்று மதிப்பிட்டேன், பின் 42. மைனஸ் 13. அப்போது என்னிடம் 4 படைகள், எதிரே 5. நிறுத்தியிருக்கலாம். நான் தொடர்ந்தேன். அந்த நிலையிலிருந்து நாட்டைப் பிடிக்க ஐந்தில் ஒரு வாய்ப்புதான். பிடித்திருந்தால் 60, தவறினால் 30, சராசரி 36. ஆகவே பொத்தானை அழுத்திய கணத்திலேயே, எந்தப் பகடையும் விழுவதற்கு முன், 6 புள்ளிகளை நானே தூக்கிக் கொடுத்திருந்தேன். பிறகு தவறியதில் இன்னொரு 6, அது பகடையின் கணக்கு. மற்ற உருட்டல்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டன. மொத்தத்தில் என் அதிர்ஷ்டம் மைனஸ் 10. 50-இல் தொடங்கி 0-இல் முடிந்த ஆட்டத்தில் மீதி 40 புள்ளிகளும் நகர்வுகளில் போனவை. அவற்றில் பெரும்பகுதி, எல்லையில் இரண்டே படைகளை விட்டுவிட்டுப் புதிய படைகளையெல்லாம் மறுபுறம் குவித்த ஒரே சுற்றில் போனது. அந்தச் சுற்றில் பகடையே உருளவில்லை.

இந்தக் கணக்கை அப்படியே அவருக்கு அனுப்பி, அரட்டைப் பெட்டியில் எழுதிய வரிக்காக மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. "அந்த ஆறு உருட்டல்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. நீங்கள் அதைக் கவனித்தீர்களா என்று அப்போதே கேட்க நினைத்தேன்" என்று எழுதியிருந்தார். கீழே ஒரு புதிய ஆட்டத்துக்கான அழைப்பு இருந்தது.